உடைந்தது தெரியும், எங்கே என்பது தெரியாது: 147573952589676412927 என்ற எண் குறித்து

நம் சிறுபத்திரிகைச் சூழலில் கணிதம் இரண்டு வேலைகளுக்கு மட்டும் அழைக்கப்படுகிறது. சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை வேண்டுமென்றால் ஒருவர் 'ரெண்டும் ரெண்டும் நாலு மாதிரி' என்று ஆரம்பிப்பார். உண்மை என்பதே கிடையாது என்று சொல்ல வேண்டுமென்றால் இன்னொருவர் 1931-இல் வெளியான கோடலின் தேற்றத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்: 'பாத்தீங்களா, கணக்குலயே உண்மை இல்லன்னு ஆயிடுச்சு.' கோடல் அப்படிச் சொல்லவில்லை என்பது ஒருபுறம். இருவருமே பென்சிலை எடுத்து ஒரு கணக்கைக்கூடப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது மறுபுறம்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகள் எதுவும் பெருக்கல், வகுத்தல், மீதி என்பவற்றைத் தாண்டிப் போகாது. நான் எடுத்துக்கொள்வது ஒரே ஓர் எண்ணை: 147573952589676412927. மொத்தம் 21 இலக்கங்கள். நம்மூர்க் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 14 லட்சத்து 75 ஆயிரம் கோடி கோடி. 1644-க்கும் 1903-க்கும் இடையில் இந்த எண்ணைப் பற்றி ஒரே கேள்விக்கு மூன்று பேர் பதில் சொன்னார்கள். 'எனக்குத் தெரியும்' என்று ஒருவர் சொல்வதற்கு இருக்கக்கூடிய மூன்று வேறுவேறு வழிகள் அவை. என்னை இதை எழுதத் தூண்டியது அந்த மூன்றில் நடுவில் இருப்பது.

1

சதுரங்கப் பலகைக் கதை எல்லாருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகச் சொல்லி ராஜாவைத் திவாலாக்கிய கதை. அம்பலப்புழைப் பால்பாயசத்துக்கும் இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். பலகையில் 64 கட்டங்கள். 64 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதில் 1 கழித்தால் மொத்த நெல்மணிகளின் எண்ணிக்கை வந்துவிடும். பலகையில் இன்னும் மூன்று கட்டங்கள் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 67 கட்டங்களுக்கான மொத்த நெல்தான் நம் எண். இந்த 67-ஐ அடுக்கு என்று சொல்வோம்.

கேள்வி இதுதான்: இது பகா எண்ணா? அதாவது, தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத எண்ணா? இதை யார் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள் என்றால், பின்னணியில் யூக்ளிட் இருக்கிறார். 6-ஐ வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3, கூட்டினால் 6. 28-ஐ வகுப்பவை 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இப்படிப்பட்ட நிறை எண்களைத் தேடிப் போனால் வழியில் 3, 7, 31, 127 என்று, இரட்டித்து ஒன்று கழித்த எண்கள் வந்து நிற்கும். அப்படி ஓர் எண் பகா எண்ணாக அமையும்போதெல்லாம் ஒரு நிறை எண் பிறக்கிறது.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் கேள்விக்கே இடமில்லை. அடுக்கு 6 என்றால் 63. அதை 3-உம் 7-உம் வகுத்துவிடும். ஆகவே அடுக்கு பகா எண்ணாக இருந்தாக வேண்டும். 67 பகா எண்தான். ஆனால் அது மட்டும் போதாது. 11-உம் பகா எண்தான். அதற்கான எண் 2047, அதாவது 23 பெருக்கல் 89. வெளியே பார்த்தால் ஒரே வார்ப்பில் வந்தவை போலிருக்கும் இந்த எண்களில் எது உடையும், எது உடையாது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

2

முதல் பதில் மரேன் மெர்சென்னுடையது. பாரிஸில் வாழ்ந்த கத்தோலிக்கத் துறவி. தேக்கார்த், ஃபெர்மா, பாஸ்கல் எல்லாருக்கும் அவருடன் கடிதத் தொடர்பு. அறிவியல் இதழ்கள் என்று ஐரோப்பாவில் எதுவும் இல்லாத காலம். முதல் இதழ்கள் 1665-இல்தான் வருகின்றன. ஒருவர் கண்டதை இன்னொருவருக்கு எழுதி, அவர் மறுப்பை வாங்கி மற்றொருவருக்கு அனுப்பி, ஒரு தனிமனிதரே பத்திரிகையாக இயங்கினார். நமக்குப் பழக்கமான ஆள்தான்.

1644-இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் மெர்சென் ஒரு பட்டியல் தருகிறார். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றுக்கு மட்டுமே பகா எண் கிடைக்கும் என்கிறார். நிரூபணம் இல்லை. 15, 20 இலக்கமுள்ள ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்கக் காலம் முழுவதும் போதாது என்று எழுதியவரும் அவரேதான். 67-க்கான எண்ணுக்கு 21 இலக்கம், 257-க்கான எண்ணுக்கு 78 இலக்கம். எப்படித் தெரிந்தது அவருக்கு? சொல்லவில்லை.

சொல்லாதது பட்டியலுக்கு ஊறு செய்யவில்லை. பெரியவர் சொன்னார், இருக்கும் என்ற நிலையில் அது நின்றது. 31-க்கான எண் உண்மையிலேயே பகா எண்தான் என்று ஆய்லர் 1772-இல் நிரூபித்தபோது பட்டியலின் மவுசு கூடியது. இன்று நமக்குத் தெரிந்த கணக்கு இது: 67-உம் 257-உம் பட்டியலில் இருக்கக்கூடாதவை, 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. மொத்தம் ஐந்து பிழைகள். 61-க்கான எண் பகா எண் என்பதை 1883-இல் கண்டவர் உரால் பகுதியின் கிராமப் பாதிரியார் இவான் பெர்வூஷின். மையத்தில் உருவான பட்டியலின் ஓட்டையை விளிம்பிலிருந்த ஒருவர் காட்டினார்.

அதற்கு வந்த எதிர்வினை தமிழ் படித்தவனுக்கு நன்றாகப் பழக்கமானது. மெர்சென் 61 என்றுதான் எழுதியிருப்பார், அச்சில் 67 ஆகிவிட்டது என்று ஒரு விளக்கம் கிளம்பியது. நம் உரையாசிரியர்களும் பதிப்பாசிரியர்களும் எத்தனை இடங்களில் இதைச் செய்திருக்கிறார்கள்! புலவன் தவறமாட்டான், ஏடெழுதியவன் தவறியிருப்பான். 61-ஐ இப்படிக் காப்பாற்றிவிடலாம். 89-ஐயும் 107-ஐயும் எந்த அச்சுக்கோப்பவன் தலையில் கட்டுவது? அவை 1911-இலும் 1914-இலும் தெரியவந்தபோது அந்த விளக்கமும் பலம் இழந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. 1640-இல் ஃபெர்மா மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கருவியைக் கொடுத்திருந்தார். அடுக்கு பகா எண்ணாக இருக்கும்போது, கிடைக்கும் எண்ணை வகுக்கக்கூடியது எதுவாக இருந்தாலும் அது அடுக்கின் இரு மடங்கால் வகுத்தால் 1 மீதி தருவதாகத்தான் இருக்கும். 11-க்கு இரு மடங்கு 22. 23-ஐ 22-ஆல் வகுங்கள், மீதி 1. 89-ஐ வகுங்கள், மீதி 1. நம் 67-க்கு இரு மடங்கு 134. பூட்டுக்கான சாவியின் பாதி பட்டியல் போட்டவரின் கடிதப் பையிலேயே கிடந்தது.

3

இரண்டாவது பதில் 1876-இல். எதுவார் லூக்கா, பிரெஞ்சுக்காரர், பள்ளிகளில் கணிதம் சொல்லிக் கொடுத்தவர். ஹனாய் கோபுரம் என்ற விளையாட்டு நினைவிருக்கலாம்: மூன்று குச்சிகள், அளவு குறைந்துகொண்டே போகும் தட்டுகள், பெரியது சிறியதன்மேல் உட்காரக்கூடாது. 1883-இல் அதை வெளியிட்டவர் இவரே. சொந்தப் பெயரில் அல்ல, 'சியாமைச் சேர்ந்த கிளாஸ்' என்ற கற்பனைச் சீனப் பண்டிதரின் பெயரில். காசிக் கோயிலில் பிராமணர்கள் 64 பொன்தட்டுகளை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் அழியும் என்ற கதையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. பாரிஸில் செய்த பொம்மையை விற்கக் கிழக்கின் மர்மம் தேவைப்பட்டிருக்கிறது. அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: 67 தட்டுகள் வைத்து விளையாடினால் குறைந்தபட்சம் எத்தனை நகர்த்தல்கள் தேவையோ, அந்த எண்ணிக்கை அச்சு அசலாக நம் எண்.

லூக்கா சொன்ன பதில்: இது பகா எண் அல்ல. 'எதால் வகுபடும்?' 'தெரியாது.' இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துச் சொல்லும் உரிமை ஒருவருக்கு எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

லூக்காவின் யோசனையை டி. எச். லேமர் 1930-இல் எளிமையாக்கினார். அந்த வடிவத்தைத் தருகிறேன், போட்டுப் பாருங்கள். 4-இல் தொடங்கு. வர்க்கப்படுத்து, 2 கழி, சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். வந்த மீதிக்கும் அதையே செய். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய். கடைசியில் 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகா எண் அல்ல.

அடுக்கு 5, எண் 31. மூன்று தடவை செய்ய வேண்டும். 4-இலிருந்து 14. 14-இலிருந்து 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. 8-இலிருந்து 62, மீதி 0. ஆகவே 31 பகா எண்.

அடுக்கு 11, எண் 2047. ஒன்பது தடவை. 4-க்குப் பிறகு வருபவை: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் 0 இல்லை. ஆகவே 2047 பகா எண் அல்ல. கவனியுங்கள், இந்த வரிசையில் 23 எங்கேயும் இல்லை. 89-உம் இல்லை. 2047-ஐ நாம் எங்கேயும் உடைக்கவில்லை. அது உடைந்தது என்பதற்கு இந்த 1736 ஒன்றே போதும்.

67-க்கு இதே போல 65 தடவை. ஒவ்வொரு தடவையும் 21 இலக்கம்வரை போகும் எண்ணை வர்க்கப்படுத்தி, 21 இலக்க எண்ணால் வகுக்க வேண்டும். கையால் செய்ய அலுப்பான வேலை, ஆனால் செய்யக்கூடியது. முடிவு 0 அல்ல.

'எங்க உடைஞ்சிருக்குன்னு காட்டாம உடைஞ்சதுன்னு எப்படி ஒத்துக்கறது?' இந்தக் குரல் கணிதத்துக்குள்ளேயும் உண்டு. இருக்கிறது என்றால் எடுத்துக் காட்டு என்று வலியுறுத்திய ப்ரௌவரின் மரபு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருகிறது. ஆனால் ப்ரௌவர்கூட லூக்காவோடு சண்டைக்கு வந்திருக்க மாட்டார். காரணம், தேடல் முடிவுள்ளது. நம் எண்ணின் வர்க்கமூலம் சுமார் 1,214 கோடி. அதுவரை ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால் காரணி அகப்பட்டே தீரும். ஆகவே இங்கே 'தெரியாது' என்பது 'தெரிய முடியாது' அல்ல. தெரிந்துகொள்ள முடியும், அதற்குரிய உழைப்பு மட்டும் இன்னும் செலவழிக்கப்படவில்லை. தத்துவச் சிக்கல் போலத் தோன்றியது உழைப்பின் சிக்கலாக மாறும் இடம் இது.

4

மூன்றாவது பதில் 1903 அக்டோபர் 31-ஆம் தேதி, நியூயார்க்கில், அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில். ஃப்ராங்க் நெல்சன் கோல் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர், சங்கத்தின் செயலாளர், அதன் இதழுக்கும் ஆசிரியர். கதை இப்படிச் சொல்லப்படுகிறது. கோல் கரும்பலகைக்குப் போகிறார். வாய் திறக்காமல் 67 இரண்டுகளின் பெருக்கற்பலனைக் கணக்கிட்டு 1 கழிக்கிறார். பலகையின் மறுபக்கம் போய் 193707721, 761838257287 என்ற இரண்டு எண்களை எழுதி நீட்டுப் பெருக்கலாகப் பெருக்குகிறார். இரண்டு விடைகளும் ஒன்று. பேசாமலே போய் உட்காருகிறார். அரங்கம் கைதட்டுகிறது.

இந்தக் காட்சி பெரிதும் எரிக் டெம்பிள் பெல்லின் 1951-ஆம் ஆண்டுப் புத்தகம் வழியாகப் பரவியது, அதாவது கூட்டம் நடந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு. எவ்வளவு நேரம் பிடித்தது என்று 1911-இல் தான் கேட்டதாகவும், மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் பதில் சொன்னதாகவும் பெல் எழுதுகிறார். அழகான கதையாடல். மௌனமான மேதை, பலகை, கைதட்டல். ஆனால் கோல் மௌனமாக இருந்துவிடவில்லை. பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றிய அவருடைய கட்டுரை சங்கத்தின் இதழில் அச்சாகியிருக்கிறது. எப்படித் தேடினேன் என்பதுதான் அதன் விஷயம். நம் நினைவில் நின்றது கட்டுரை அல்ல, கைதட்டல்.

அந்த உழைப்பின் அளவை நாமே கணக்கிடலாம். ஃபெர்மாவின் நிபந்தனைப்படி, காரணி 134-இன் ஏதாவது ஒரு மடங்கோடு 1 சேர்ந்தது. 193707721 என்பது 134-ஐ 14,45,580-ஆல் பெருக்கி 1 கூட்டியது. இன்னொரு நிபந்தனையும் உண்டு: 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7-ஆக இருக்க வேண்டும். அது பாதியைக் கழித்துவிடும். மீதி 7,22,790 எண்கள். மூன்று வருடத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் சுமார் 156. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 4,600-க்கு மேல் வகுத்தல்கள், ஒவ்வொன்றும் 21 இலக்க எண்ணை. மூன்றாலும் ஐந்தாலும் ஏழாலும் வகுபடுபவற்றைத் தள்ளிவிட்டாலும் இரண்டாயிரம் தாண்டும். மனிதக் கையால் நடக்கிற காரியம் இல்லை. ஆகவே கோல் அடுக்கடுக்காக வகுத்துக்கொண்டு போகவில்லை. வர்க்க எண்கள் விட்டுச்செல்லும் மீதிகளை ஆராய்ந்து, காரணி எந்த வடிவில் இருக்க முடியாது என்று நிபந்தனைமேல் நிபந்தனையாகப் போட்டு, தேடும் இடத்தைச் சுருக்கிக்கொண்டே போனார். முக்கால்வாசி வேலை 'இது இல்லை, இது இல்லை' என்று தள்ளுவதுதான்.

கோலின் பதிலுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கண்டுபிடிக்க ஆண்டுக்கணக்காகும். சரிபார்க்க ஒரு பெருக்கல், அரைமணி நேரம். எட்டாம் வகுப்புப் பிள்ளை சரிபார்க்கலாம். கோலை நம்பத் தேவையில்லை, கொலம்பியாவை மதிக்கத் தேவையில்லை. மெர்சென்னின் பட்டியலுக்கு நேர் எதிர்த்துருவம் இது.

5

இங்கே நிறுத்தி, அதிகாரத்திலிருந்து சாட்சியத்துக்கு வந்துவிட்டோம், ஜனநாயகம் வென்றது என்று முடித்தால் வசதியாக இருக்கும். நடுவிலிருக்கும் லூக்காவை அப்படி முடித்தால் இழந்துவிடுவோம். 1876-க்கும் 1903-க்கும் இடையிலான 27 வருடங்களில் இந்த எண்ணைப் பற்றிய உண்மை அரைகுறையாக இருக்கவில்லை. அது பகு எண் என்பது முழுதாகத் தெரிந்திருந்தது. கோல் அதை 'உறுதிப்படுத்தவில்லை'. வேறு ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். 'உடைந்ததா?' வேறு, 'எங்கே உடைந்தது?' வேறு.

களத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வாக்குச்சாவடியில் பதிவேட்டில் 800 கையெழுத்து, பெட்டியில் 812 சீட்டு என்று வையுங்கள். தவறு நடந்தது என்பது அந்தக் கணமே தீர்ந்த விஷயம். யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள், எதுவும் தெரியாது. 'ஆளைக் காட்டு, இல்லாட்டி வாயை மூடு' என்று அதிகாரி சொன்னால், அவர் முதல் கேள்வியை இரண்டாவது கேள்விக்குள் போட்டு மூடுகிறார். காரணியைக் காட்டாத வரை பகா எண் என்றே கொள்வோம் என்று சொல்வதற்கு ஒப்பானது அது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 'ஏதோ தப்பா இருக்குன்னு எனக்குப் படுது' என்பது லூக்காவின் பதில் அல்ல. அது மெர்சென்னின் பட்டியலுக்குத்தான் நெருக்கமானது. லூக்கா எந்தச் சாட்சியையும் காட்டவில்லை என்றாலும் ஒவ்வொரு படியையும் இன்னொருவர் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். கடைசியில் 0 வராவிட்டால் பகா எண் அல்ல என்பதற்குத் தனி நிரூபணம் இருக்கிறது. உணர்வு அவரைத் தேட வைத்திருக்கலாம். பேச வைத்தது மீதி. நம் விமர்சனத்தில் ஒரு பிரதியை 'உள்ளுக்குள் உடைந்தது' என்று சொல்கிறபோது நாம் எந்தப் பதிலைச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. உடைந்த வரியைக் காட்டுகிறோமா? அல்லது எந்தச் சோதனையில் அது தேறவில்லை என்று, பிறர் திரும்பச் செய்து பார்க்கும்படி சொல்கிறோமா? இரண்டும் இல்லையென்றால் நாம் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடைவெளி இன்று வெறும் கணித ஆர்வம் அல்ல. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் 1977-இல் இதன்மீது ஒரு மறைகுறி முறையைக் கட்டினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, பெருக்கற்பலனைப் பகிரங்கமாக வைப்பது, காரணிகளை ஒளித்துவைப்பது. எண் பகு எண் என்பது ஊருக்கே தெரியும். தையல் எங்கே இருக்கிறது என்பது ஒருவருக்கு மட்டும் தெரியும். அந்த ஆண்டு சவாலாக வெளியிட்ட 129 இலக்க எண்ணை 1994 ஏப்ரலில் சுமார் 600 தன்னார்வலர்கள் வலையமைப்பு வழியாக வேலையைப் பங்கிட்டு உடைத்தார்கள். 2020-இல் 250 இலக்க எண் ஒன்று உடைந்தது. வங்கிக் கணக்கையும் கடிதத்தையும் காக்கப் பரவலாகப் பயன்படுத்தப்பட்டுவரும் எண்களுக்கு 617 இலக்கம். கோல் ஊருக்கு எடுத்துக் காட்டியதை இங்கே ஒருவர் ஊரிடமிருந்து மறைக்கிறார். அரசிடமிருந்து நம்மைக் காக்கவும் அதுதான், நம்மிடமிருந்து நிறுவனங்களைக் காக்கவும் அதுதான். 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் அக்ரவால், கயால், சக்சேனா மூவரும் எந்த எண்ணானாலும் அது பகா எண்ணா இல்லையா என்பதை, காரணியைத் தேடாமலேயே, இலக்கங்கள் கூடினாலும் கட்டுக்குள் நிற்கிற நேரத்தில் தீர்மானிக்கலாம் என்று நிரூபித்தார்கள். 'உடைந்ததா?' என்ற கேள்வி எளிதாகிவிட்டது. 'எங்கே?' என்பதற்கு, இன்று நாம் பயன்படுத்தும் கணினிகளில், அப்படி ஒரு வழி அகப்படவில்லை.

நம் 21 இலக்க எண்ணைச் சாதாரணக் கணினி ஒரு நொடிக்குள் உடைத்துவிடும். கோலின் ஞாயிற்றுக்கிழமைகள் இன்று தேவையில்லை. ஆனால் லூக்கா நின்ற இடம் காலியாகவில்லை. அடுக்கு 1277-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான எண் 385 இலக்கம். அது பகா எண் அல்ல என்பது பல்லாண்டுகளாகத் தெரியும். லூக்கா, லேமர் சோதனையில் 0 வரவில்லை. உலகெங்கும் எத்தனையோ கணினிகள் எத்தனையோ ஆண்டுகளாகத் தேடியும் அதன் ஒரு காரணிகூட வெளிப்படவில்லை. உடைந்தது தெரியும். எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடல் முடியவில்லை என்பதற்காக அதை யாரும் பகா எண்களின் பட்டியலில் சேர்த்துவிடவில்லை.